பரீட்சை எழுதலாம், பட்டம் இல்லை

1837ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானபோது இரண்டாம் இடத்தில் ஓர் யூத இளைஞரின் பெயர் இருந்தது. ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் என்பது அவர் பெயர். அப்பரீட்சையில் முதற்பிரிவில் சித்தியடைவோரை 'றாங்லர்' என்று அழைப்பது அங்குள்ள மரபு. முதலாமவர் 'சீனியர் றாங்லர்'. அந்த வருடப் பட்டியலில் நான்காம் இடத்தில் நின்றவர், பின்னாளில் கணிதமும் பௌதிகவியலும் படிக்கும் எல்லோருக்கும் தெரியவந்த ஜோர்ஜ் கிறீன். சில்வெஸ்டருக்குப் பின்னால் நின்றவர்கள் பட்டம் பெற்றார்கள். சில்வெஸ்டர் பெறவில்லை. பட்டம் பெறுவதற்கு முன், தான் இங்கிலாந்துத் திருச்சபையின் உண்மையான அங்கத்தவன் என்று உறுதிமொழி கொடுக்கவேண்டும். யூதரான அவர் அதற்கு ஒப்பவில்லை, ஒப்பவும் முடியாது.

புள்ளிகளில் குறையில்லை, ஒழுக்கத்தில் குறையில்லை, கட்டணத்தில் பாக்கியில்லை. ஒரேயொரு வாக்கியம்தான் பாக்கி.

இங்கிலாந்தின் இரு பழம்பெரும் பல்கலைக்கழகங்களும் இந்த வாக்கியத்தை இரு வேறு இடங்களில் வைத்திருந்தன. திருச்சபையின் கோட்பாடுகளைத் தொகுத்துக் கூறும் முப்பத்தொன்பது பிரிவுகள் 1571இல் இறுதி வடிவம் பெற்றவை. ஒக்ஸ்போர்டில் 1581 முதல், மாணவன் பதிவாகும்போதே அவற்றை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். எனவே கத்தோலிக்கரும் யூதரும் திருச்சபையில் சேராத ஏனைய புரட்டஸ்தாந்தரும் வாசற்படியையே மிதிக்க இயலாது. கேம்பிரிட்ஜில் அப்படியல்ல. அங்கே எவரும் சேரலாம், விரிவுரை கேட்கலாம், பரீட்சையும் எழுதலாம். பட்டம் வழங்கும் வேளையில்தான் அந்தக் கேள்வி வரும்.

இவ்விரண்டில் எது கொடிது? ஒக்ஸ்போர்ட் குறைந்தபட்சம் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது. கேம்பிரிட்ஜ் உள்ளே அழைத்து, பணம் வாங்கி, பாடம் சொல்லி, பரீட்சையில் இரண்டாமிடமும் கொடுத்து, கடைசி நாளில் "நீ எம்மவனல்லன்" என்றது. என்னைக் கேட்டால் ஒக்ஸ்போர்ட்டே நேர்மையானது என்பேன். ஆனால் கேம்பிரிட்ஜின் அரைக்கதவு திறந்திராவிட்டால் சில்வெஸ்டர் அங்கே ஒரு நாளும் கற்றிருக்க மாட்டார். அவரது பெயர் அந்தப் பட்டியலில் ஏறி ஊரறிய ஒரு கேள்வியாக நின்றிருக்காது. அதையும் மறுப்பதற்கில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் படித்தவனல்லன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, கிராமப் பாடசாலையொன்றில் வரலாறும் தமிழும் படிப்பிப்பவன். வெட்டுப்புள்ளி வெளியாகும் காலத்தில் எங்கள் ஊர்ப் பெற்றோர் என்னிடம் வருவார்கள். எந்தப் பாடநெறி நல்லது, எங்கே தொழில் கிடைக்கும் என்பதைவிட வேறு கேள்விகளே முதலில் வரும். "சேர், அங்க தொழ எடமிருக்கா? சாப்பாடு ஹலாலா? புள்ளைக்கி ஸ்காப் போட உடுவாங்களா?" இந்தக் கேள்விகளைச் சிறுமையாகக் கருதும் படித்தவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. ஓர் உயர்கல்விக் கூடம் தன் மாணவனிடம் அவனது நம்பிக்கையைக் குறித்து என்ன கேட்கலாம், என்ன கேட்கக்கூடாது என்பது பெரிய பெரிய மூளைகள் பல தலைமுறைகளாகச் சண்டையிட்ட விடயம். அந்தச் சண்டையின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியதே இந்தப் பெற்றோரால்தான்.

சில்வெஸ்டருக்குப் பத்து வருடங்களுக்கு முன்னர், 1827இல், அதே கேம்பிரிட்ஜில் நான்காவது றாங்லராகத் தேறியவர் ஓகஸ்டஸ் டி மோர்கன். நமது உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் மனனம் செய்யும் டி மோர்கனின் விதிகள் இவருடையவையே. தமிழ் வாசகர்களுக்கு இன்னுமொரு சுவையான தகவல்: இவர் பிறந்தது மதுரையில், 1806இல். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்றியவர். கைக்குழந்தையாக இருக்கையிலேயே குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. டி மோர்கன் யூதரல்லர், கத்தோலிக்கரல்லர். கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர். விரும்பியிருந்தால் கையொப்பமிட்டு, முதுமாணிப் பட்டமும் கல்லூரியின் 'ஃபெலோ' பதவியும் பெற்றிருக்கலாம். ஃபெலோ என்றால் ஊதியமும் தங்குமிடமும் கல்லூரி நிருவாகத்தில் பங்கும் உண்டு. அவர் இடவில்லை. நம்பிக்கையைக் கையொப்பத்தால் அளக்கும் முறையே பிழை என்பது அவரது நிலைப்பாடு.

அவருக்கென்றே திறந்ததுபோல் லண்டனில் ஒரு புதிய கல்விக்கூடம் உருவாகிக்கொண்டிருந்தது. கவிஞர் தோமஸ் கம்பெல் 1825இல் பத்திரிகையில் எழுதிய கடிதம் அதற்கு வித்திட்டது. சட்டத்தரணி ஹென்றி புறூம், யூத வணிகப் பிரமுகர் ஐசக் லையன் கோல்ட்ஸ்மித் முதலியோர் முன்னின்றனர். பங்குகள் விற்றுப் பணம் திரட்டி 1826இல் நிறுவினர். 1828 ஒக்டோபரில் வகுப்புகள் ஆரம்பமாயின. யாரும் சேரலாம், எவரிடமும் சமயம் கேட்கப்படாது, சமயம் பாடமாகவும் கற்பிக்கப்படாது. இன்று யூனிவர்சிட்டி கொலேஜ் லண்டன் என அறியப்படுவது அதுதான். எதிரிகள் அதற்கு இட்ட பட்டப்பெயர், கடவுளற்ற கோவர் வீதிக் கூடம் என்பது. போட்டியாகத் திருச்சபைத் தரப்பினர் 1829இல் கிங்ஸ் கொலேஜைத் தொடங்கினர். 1836இல் அரசாங்கம் இரண்டுக்கும் பொதுவாகப் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் லண்டன் பல்கலைக்கழகத்தை அமைத்தது.

இருபத்தொரு வயதிலேயே டி மோர்கன் அந்தப் புதிய கூடத்தின் கணிதப் பேராசிரியரானார். கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுக்காத சில்வெஸ்டரும் சிறிது காலத்தில் அங்கேயே பேராசிரியராக வந்து சேர்ந்தார். பட்டத்தை அவர் 1841இல் டப்ளினிலுள்ள டிரினிட்டி கல்லூரியில் பெற்றுக்கொண்டார்.

1834இல் திருச்சபை சாராதோருக்கும் பட்டம் வழங்க வகைசெய்யும் மசோதாவொன்று பாராளுமன்றத்தின் கீழ்ச்சபையில் நிறைவேறி, பிரபுக்கள் சபையில் தோற்றது. அந்த விவாதத்தின் பக்கவிளைவு ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் விரிவுரையாளரான கொனொப் தேர்ல்வால் ஒரு பாதிரியார். மாணவர்களைக் கட்டாயப்படுத்தித் தேவாலய வழிபாட்டுக்கு அனுப்புவதால் பக்தி வளரவில்லை என்று அவர் பிரசுரமொன்றில் எழுதிவிட்டார். கல்லூரித் தலைவர் அவரைப் பதவி விலகச் சொன்னார். விலகினார். பிறருக்காகப் பேசிய ஒருவர், அதுவும் திருச்சபைக்குள் இருந்தே பேசியவர், இந்த வரலாற்றில் முதலில் இழப்பவராக வருவது கவனிக்கத்தக்கது. வகுப்பறையில் 'இடாப்பு' கூப்பிடுவதுபோல வணக்கத்துக்கும் இடாப்பு கூப்பிட்டால் வருவது வரவு மட்டுமே என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம்.

1854இல் ஒக்ஸ்போர்டுக்கும் 1856இல் கேம்பிரிட்ஜுக்கும் சட்டங்கள் வந்தன. இளமாணிப் பட்டத்துக்கான தடை நீங்கியது. ஆனால் ஃபெலோ பதவிக்கும் நிருவாகத்தில் வாக்குரிமைக்கும் தடை அப்படியே இருந்தது. படித்துவிட்டுப் போகலாம், தங்கி ஆளமுடியாது.

1869ஆம் ஆண்டு ஜனவரியில் நியூமா ஹார்ட்டொக் சீனியர் றாங்லர் ஆனார். முதலாமிடம்; முதல் தடவையாக ஓர் யூதர். இவர் முன்பு லண்டனின் 'கடவுளற்ற' கூடத்தில் படித்தவர். பட்டமளிப்பின்போது பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்று சொல்லப்படும் வாசகத்தை அவருக்காக மட்டும் விட்டுவிடப் பல்கலைக்கழகம் விசேட அனுமதி வழங்கியது. அழகிய காரியம்தான். ஆனால் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ பதவி, அந்நிலையில் எவருக்கும் இயல்பாகவே கிடைக்கக்கூடியது, அவருக்குக் கிடைக்கவில்லை. உறுதிமொழி கொடுக்க அவர் மறுத்தார்.

அதே வருடம், அதே டிரினிட்டியில், ஹென்றி சிட்ஜ்விக் என்ற மெய்யியலாளர் தம் ஃபெலோ பதவியைத் துறந்தார். அவர் சிறுபான்மையினர் அல்லர். இளமையில் கையொப்பமிட்டவர்தான். ஆண்டுகள் செல்ல, தாம் ஒப்பமிட்ட கோட்பாடுகளைத் தம் உள்ளம் இனி ஏற்கவில்லை என்று கண்டார். ஏற்பதுபோல் நடித்துச் சம்பளம் வாங்க அவருக்கு மனமில்லை. நம்பிக்கையாளர்களாகிய நமக்கு இது சற்றுச் சங்கடமான உதாரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் நம்பிக்கைக்காகப் பதவி இழந்த ஹார்ட்டொக்கை நாம் உடனே அணைத்துக்கொள்வோம். நம்பிக்கை மாறியதை மறைக்காமல் பதவி இழந்த சிட்ஜ்விக்கை? ஆனால் இருவரையும் அந்த நிலைக்குத் தள்ளியது ஒரே தாள்தான். அதில் முதலாமவர் பொய்யாகக் கையொப்பமிட மறுத்தார். இரண்டாமவர் இட்ட கையொப்பம் பொய்யாகிவிட்டதென்று விலகினார். ஒருவரை மட்டும் விடுவிக்கும் சட்டத்தை எழுதவே முடியாது.

அந்த 1869இல்தான் இந்தியாவிலிருந்து சேர் செய்யித் அஹ்மத் கான் தம் புதல்வர்களுடன் இங்கிலாந்து சென்றிறங்கினார். மகன் செய்யித் மஹ்மூத் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் படித்தார். தந்தையார் கேம்பிரிட்ஜின் விடுதி வாழ்க்கையையும் ஆசிரிய மாணவ உறவையும் கவனித்துப் போனார். சமயச் சோதனையை ஒழிக்கும் போராட்டம் உச்சத்தில் இருந்த வருடங்கள் அவை. அலிகரில் 1875இல் பாடசாலையாகத் தொடங்கி 1877இல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, அது முஹம்மதன் கல்லூரி என்ற பெயரைக் கொண்டிருந்தும் இந்து மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. அக்கல்லூரியின் முதற் பட்டதாரியே ஈஸ்வரி பிரசாத் என்ற இந்துவாவார். சமயக் கல்வி முஸ்லிம்களுக்கு மட்டும். அதிலும் சுன்னிகளுக்கும் ஷீஆக்களுக்கும் தனித்தனியாக. நம் சமுதாயத்தின் உட்பிரிவுகளைத் தெரிந்த எவரும் அந்த ஏற்பாட்டின் அருமையை உணர்வர்.

ஹார்ட்டொக்கின் கதை பாராளுமன்றத்தில் ஓர் ஆயுதமாயிற்று. பிரபுக்கள் சபையின் விசேட குழுமுன் அவர் நேரிற் சென்று சாட்சியமளித்தார். 1871 ஜூன் 16இல் பல்கலைக்கழகச் சோதனைகள் சட்டம் அரச சம்மதம் பெற்றது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், டர்ஹம் ஆகியவற்றில் இறையியல் துறை தவிர்ந்த பட்டங்களுக்கும் பதவிகளுக்கும் சமய உறுதிமொழி ஒழிந்தது. தேவாலயங்கள் இடிக்கப்படவில்லை, வழிபாடு நிறுத்தப்படவில்லை. அவை இருந்தன, அவற்றுள் நம்பிக்கை கொள்ளுமாறு பட்டத்தைக் காட்டி எவரையும் நிர்ப்பந்திக்க முடியாது என்றானது. அதே ஜூன் மாதத்தில், இருபத்தைந்து வயதில், ஹார்ட்டொக் அம்மை நோயால் காலமானார். சில்வெஸ்டர் 1872இல், பரீட்சை எழுதி முப்பத்தைந்து ஆண்டுகளின் பின், தம் கேம்பிரிட்ஜ் பட்டத்தைப் பெற்றார். 1883இல் ஒக்ஸ்போர்ட் அவரைக் கணிதப் பேராசிரியராக அழைத்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்பது.

சமயத்தின் பெயரால் மூடிய கதவு திறந்ததும் அதே உத்தியைக் கேம்பிரிட்ஜ் பெண்கள்மீது பிரயோகித்தது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1881 முதல் பெண்கள் பரீட்சை எழுத உரிமை பெற்றனர். பட்டம்? 1948 வரை இல்லை. பரீட்சை எழுதலாம், பட்டம் இல்லை என்ற அதே சூத்திரம், ஆள் மட்டும் மாறியிருந்தது.

இதுவரை சொன்னதைக் கேட்பவர், லண்டன் நல்லது, கேம்பிரிட்ஜ் தீயது, சட்டம் வந்தது, சுபம் என்று எண்ணக்கூடும். 1866க்குச் சற்றுத் திரும்புவோம். லண்டன் கூடத்தில் மெய்யியல், தருக்கவியல் பேராசிரியர் பதவி வெற்றிடமாயிற்று. விண்ணப்பித்தோரில் தகுதி மிக்கவர் ஜேம்ஸ் மார்ட்டினோ. அவர் யுனிட்டேரியன் பிரிவின் போதகர். அதாவது திரித்துவத்தை ஏற்காது இறைவன் ஒருவனே எனக் கொள்ளும் கிறிஸ்தவர். ஒரு சமயப் போதகரை இந்தப் பதவியில் அமர்த்தினால் எங்கள் நடுநிலை கெட்டுவிடும் என்று நிருவாக சபையில் எதிர்ப்புக் கிளம்பியது. வரலாற்றாசிரியர் ஜோர்ஜ் குரோட் அதில் முன்னின்றவர். மார்ட்டினோ நிராகரிக்கப்பட்டார்.

டி மோர்கன் கொதித்தெழுந்தார். சமயத்தைக் கேட்பதில்லை என்பதற்காகவே அவர் அங்கே வாழ்நாளைக் கழித்தவர். இப்போது அங்கேயும் ஒருவரின் சமயம் கேட்கப்பட்டுவிட்டது. கேட்டவர்கள் திருச்சபையினர் அல்லர், சுதந்திர சிந்தனையாளர்கள் என்பது மட்டுமே வித்தியாசம். பல பதிற்றாண்டுகள் வகித்த பேராசிரியர் பதவியை உதறிவிட்டு வெளியேறினார். 1871 மார்ச்சில், அந்தச் சட்டம் நிறைவேறச் சில மாதங்கள் இருக்கையில், இறந்துபோனார்.

என் அபிப்பிராயத்தில் இந்த வரலாறு முழுவதிலும் மிகத் தெளிவாகச் சிந்தித்தவர் இவரே. சமயத்தைக் கேட்காமலிருப்பது வேறு. சமயம் கண்ணிற் படக்கூடாதென்பது வேறு. முதலாவதில் தொப்பி போட்டவனும் போடாதவனும் ஒரே வாங்கில் அமரலாம். இரண்டாவதில் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தால்தான் வாங்கு. பின்னது தன்னை நடுநிலை என்று அழைத்துக்கொள்வதால் அதன் கையிலுள்ள உறுதிமொழித் தாள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த லண்டன் மரபுதான் இலங்கைக்கும் வந்தது. 1858இல் லண்டன் பல்கலைக்கழகம் தன் பரீட்சைகளை எங்கே படித்தவர்க்கும் திறந்துவிட்டது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டனின் வெளிவாரிப் பட்டத்துக்கே மாணவரைத் தயார்செய்தது. அங்கே பயின்று 1933இல் லண்டன் பட்டதாரியானவர் மர்ஹூம் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் கற்ற முஸ்லிம் சிறுவன் அவர். பின்னர் கேம்பிரிட்ஜின் சென் கதரின் கல்லூரிக்கும் சென்றார். எவரும் அவரிடம் முப்பத்தொன்பது பிரிவுகளை நீட்டவில்லை. 1935இல் இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் என்று அவரை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அந்தப் பாதையை ஹார்ட்டொக் போன்ற ஒருவரும் செப்பனிட்டிருந்தார் என்பதை நினைப்பதில்லை.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமானது. இனம், சமயம், வகுப்பு, பால் என்ற பேதமின்றி அது அனைவருக்கும் திறந்திருந்தது. பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில் நாம் கேம்பிரிட்ஜை ஆறு ஆண்டுகள் முந்திவிட்டோம். 1952இல் பேராதனைக்குக் குடிபெயர்ந்த பல்கலைக்கழகத்தை 1954இல் எடின்பரோ கோமகன் திறந்துவைத்தபோது, ஏற்கனவே திறந்திருப்பதை என்னவென்று திறப்பது என்ற பகிடியில், வழமையிலும் கூடுதலாகத் திறந்திருப்பதாகப் பிரகடனம் செய்தார். பேராதனையின் வளவில் இன்று விகாரையும் பள்ளிவாசலும் கிறிஸ்தவ ஆலயமும், குன்றின்மேல் குறிஞ்சிக்குமரன் கோயிலும் உள்ளன. லண்டனைப்போல் சமயத்தை வெளியே நிறுத்தாமலும், பழைய கேம்பிரிட்ஜைப்போல் ஒன்றை மட்டும் உள்ளே வைக்காமலும் நம் நாடு தானாகக் கண்டடைந்த வழி இது.

கட்டடங்களைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒரு மாணவரின் கதை. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக நியமனம் பெற்றவர் காரைதீவு தந்த விபுலானந்த அடிகள். இராமகிருஷ்ண மிஷன் துறவி. பாணந்துறை ஹேனமுல்லையைச் சேர்ந்த எம்.எம். உவைஸ் அவரிடம் தமிழ் கற்றார். முஸ்லிம்களின் தமிழிலக்கியங்களை ஆராய்ந்து 1951இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். அது 1953இல் ஆங்கிலத்தில் நூலாயிற்று. சீறாப்புராணத்தைத் தமிழின் சொத்தாகப் பார்க்கக் காவியுடுத்த ஆசிரியருக்குத் தயக்கமிருக்கவில்லை. உவைஸ் பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழிலக்கியப் பேராசிரியரானார். டி மோர்கன் பிறந்த மதுரை!

பின் நடந்தவற்றை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. நம் வாசகர்களில் பலர் அவற்றினூடே வாழ்ந்தவர்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணிநேர அவகாசம் கொடுத்து வெளியேற்றினர். அஸீஸ் ஓடி விளையாடிய தெருக்கள் வெறிச்சோடின. பல்கலைக்கழகத்தின் எந்தச் சட்டத்திலும் ஒரு சொல் மாறவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகும் வீதிதான் இல்லாமற் போனது. அந்த நெருக்கடிக் காலத்தின் பிள்ளையாக, மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால், 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகி 1996 மே மாதத்தில் முழுப் பல்கலைக்கழகமானது. யுத்தம் முடிந்தபின் யாழ்ப்பாணத்திற்கும் நம் பிள்ளைகள் மீண்டும் போகிறார்கள். 2019 ஏப்ரலின் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நம் பெண்பிள்ளைகளின் ஆடையை நாடே உற்றுநோக்கிய நாட்களில், பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள் இன்னும் தாழ்ந்த குரலில் வந்தன.

ஒலுவிலில் இன்று சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் பெருந்தொகையாகப் படிக்கிறார்கள். அங்கே சாப்பாட்டுக் கடைகள் நம்முடையவை, பாங்கோசை நம்முடையது, நோன்பு காலத்தில் பகலில் மூடிக்கிடக்கும் தேநீர்க் கடைகளும் நம்முடையவை. வெட்டுப்புள்ளி வந்த அன்று மொனராகலையிலோ அநுராதபுரத்திலோ ஒரு தாய் ஊர்ப் பாடசாலை ஆசிரியரைத் தேடிப் போயிருப்பார். அங்கே பிள்ளைக்குப் பகலில் சோறு கிடைக்குமா, போயா தினத்தில் சில் எடுக்கப் பக்கத்தில் பன்சல இருக்கிறதா, குட்டைப் பாவாடையோடு வீதியில் நடந்தால் யாரும் ஏதும் சொல்வார்களா என்று கேட்டிருப்பார். அந்த ஆசிரியர் என்ன பதில் சொன்னாரோ, அதை ஒலுவில் சந்தியில் கடை வைத்திருக்கும் நம்மவர்களே தீர்மானித்திருப்பார்கள்.